சிகாகோவில் இப்போது நேற்று

இந்த உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கடவுளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "இரு, நாமக்கல்லில் ஒருத்தரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அந்த ஒருத்தர்தான் எங்கள் கிலோமீட்டர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது லைசென்சில் மட்டும் இருக்கிறது. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பேரைச் சொல்லி நாலு முறை கூப்பிட்டாள். கிலோமீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "பாவம், ஊசி போடற நேரத்துக்கு அந்தாளு எங்க போய்த் தொலைஞ்சாரோ" என்றார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். இன்றைக்குப் பதினாறு லாரிக்குச் சொந்தக்காரன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது. என்னிடம் ஒரு லாரிகூட இல்லாத காலத்தில், அடுத்தவர் வண்டியில் நானும் கிலோமீட்டரும் ஜோடி டிரைவர்கள். அவர் ஓட்டினால் நான் தூங்குவேன், நான் ஓட்டினால் அவர் தூங்காமல் மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு வருவார். பிறகு நான் வண்டி வாங்கினேன். அவரையும் வாங்கச் சொன்னேன். "ஓனரானா ஆபீசுல உக்காரணும். உக்காந்த எடத்துல இருந்து உக்காந்த எடத்துக்கு எத்தனை தூரம்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது" என்று மறுத்துவிட்டார். என்னிடமே டிரைவராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் வழக்கம்போல எங்கள் புக்கிங் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவருடைய சித்தாந்தம் ஒன்று உண்டு. "வண்டி ஓடற நேரத்தை எவன் வேணாலும் சொல்லுவான். நிக்கற நேரத்தைச் சொல்றவன்தான் டிரைவரு." டீக்கு நிற்பது, குளிக்க நிற்பது, டயருக்கு நிற்பது, செக்போஸ்டில் நிற்பது, லோடு இறக்கும் ஆள் சாப்பிடப் போய்விட்டதால் நிற்பது, எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் முன்னால் நிற்கிறவனைப் பார்த்து நிற்பது, எல்லாவற்றுக்கும் அவர் தலைக்குள் தனித்தனிக் கணக்கு. மூணு மணி நேரம் ஓடினால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மழைக்காலம், தேர்தல், திருவிழா இதற்கெல்லாம் மேல்வரி.

ஒரு தடவை சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கல்கத்தா கிளம்பினோம். கிளம்பும்போதே மில் ஆளிடம், "வியாழக்கிழமை பதினொன்னே காலுக்கு அங்க இருப்பனுங்க" என்றார் கிலோமீட்டர். நாலு மாநிலம், இரண்டு பஞ்சர், ஒரு புயல். வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு அந்தக் கல்கத்தா குடோன் வாசலில் போய் நின்றோம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "வா வா" என்று கையை ஆட்டுகிறான். கிலோமீட்டர் இஞ்சினை அணைத்துவிட்டார்.

"ஏண்ணா, உள்ள போலாம்."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது."

வாட்ச்மேன் முதலில் இந்தியில் கத்தினான். பிறகு வங்காளியில் கத்தினான். கடைசியில் அவனுக்கே புதிதான ஏதோ ஒரு பாஷையில் கத்தினான். கிலோமீட்டர் ஸ்டியரிங் மேல் கை வைத்துக்கொண்டு, கோயிலில் நடை திறக்கக் காத்திருப்பவர் போல அமைதியாக இருந்தார். பதினொன்றே காலுக்கு உள்ளே போனோம்.

கல்யாணம் பேசுகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப் போவது அதைவிட ஆபத்து. பெண் பனமரத்துப்பட்டி, பையன் சேந்தமங்கலம். இரண்டு வீட்டுக்காரர்களும் எனக்கு வேண்டியவர்கள். பேச்சு நல்லபடியாக முடிந்து வெற்றிலை மாற்றப் போகிற சமயத்தில், பெண்ணின் அம்மா கவலையாகக் கேட்டார்: "தூரம் எச்சுங்களா?"

"ஒரு மணி அஞ்சு நிமிஷமுங்க" என்றார் கிலோமீட்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புள்ளை கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினா அம்பது நிமிஷத்துல அம்மா ஊட்டுக்கு வந்துரும்."

பையனின் அப்பாவுக்கு முகம் மாறியது. "திரும்பி வர்றதுக்கு?"

"அது மூணு நாளுங்க."

அந்தக் கல்யாணம் நடந்தது. அவர் சொன்ன இரண்டு கணக்கும் சரியாக இருந்ததாகப் பையனே பின்னால் என்னிடம் ஒத்துக்கொண்டான்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் மகளின் விமான டிக்கெட் போய்ச் சேர்ந்தது.

என் மகள் கவிதா கல்யாணமாகி சிகாகோவில் இருக்கிறாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை. போன தை மாதம் என் மகனுக்கு நாமக்கல்லில் கல்யாணம். வியாழக்கிழமை காலை முகூர்த்தம். முந்தின நாள் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு இணைச்சீருக்கு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவள் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் தம்பி பக்கம், மறு முனை அக்கா தங்கை கையில். கல்யாணமானாலும் நீ என்னை விட்டுவிட மாட்டாய், நானும் உன்னை விட மாட்டேன் என்று நூறு பேர் முன்னால் செய்கிற சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்கலாம். ஆனால் சொந்த அக்கா உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி வந்து நின்றால், அந்தக் குறை ஆயுளுக்கும் போகாது.

கவிதா போனில் கேட்டாள்: "அப்பா, ஞாயித்துக்கெழமையே கெளம்பட்டுங்களா? ஒரு நாள் லீவு எச்சாக் கேட்டுப் பாக்கறேன்."

நான் சொன்னேன்: "எதுக்குக் கண்ணு? திங்கக்கெழமை ராத்திரி ஏறு. புதன்கெழமை காலைல சென்னை. மத்தியானம் நாலு மணிக்கு மண்டபம். மொத்தமே இருபத்து நாலு மணி நேரம்தான் பிளேன். உன்ற அப்பன் கணக்குத் தப்பாது."

அந்த இருபத்து நாலு மணி நேரத்தை நான் ஊர் பூராவும் சொல்லிவிட்டேன். பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம், "அமெரிக்காவுலிருந்து இருபத்து நாலே மணி நேரம், ராசிபுரத்துல இருந்து பஸ்ஸுல வர்றாப்புல வந்துருவா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஆபீசுக்கு வந்து கிலோமீட்டரிடமும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடற நேரமா, நிக்கற நேரமும் சேத்தியா?"

மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிக்கெட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு பக்கத்துக் கடையிலிருந்து ஒரு முட்டையும், மண்டபத்துக்குப் பூக்கட்ட வாங்கி வைத்திருந்த நூலில் ஒரு முழமும் எடுத்துக்கொண்டார். நாமக்கல்லில் உலக உருண்டை கிடைக்காது, முட்டை கிடைக்கும். பால்பாயின்ட் பேனாவால் முட்டையின் ஒரு பக்கம் நாமக்கல், கொஞ்சம் மேலே டெல்லி, பின்பக்கம் சிகாகோ என்று புள்ளி வைத்தார். டெல்லி போய்வந்த தூரம் அவருக்கு மனப்பாடம். முட்டை மேல் நாமக்கல்லுக்கும் டெல்லிக்கும் நடுவில் ஓர் எறும்பு கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். அந்த எறும்பு தூரத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவை அளந்தார்.

"பதினாலாயிரம் கிலோமீட்டரு" என்றார்.

மாப்பிள்ளையை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் பேர் சதீஷ், கம்ப்யூட்டர் வேலை, கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதவர், பொறுமைசாலி. அவர் அங்கே எதிலோ தட்டிப் பார்த்துவிட்டு, "சென்னைக்கு நேர் தூரம் பதிமூவாயிரத்துச் சொச்சமுங்க மாமா" என்றார்.

"சரிதான். எச்சா வந்தது முட்டையோட கோணல்" என்றார் கிலோமீட்டர். "ஏனுங்க மாப்பிள்ளை, குறுக்கு வழி வடக்கால பனிக்காட்டு மேல போவுதுங்களா?"

மாப்பிள்ளை மறுபடி எதையோ தட்டிப் பார்த்தார். "ஆமாங்க மாமா. நேரா வந்தா வட துருவத்துப் பக்கமாத்தான் வரும். உங்களுக்கு யாரு சொன்னா?"

"முட்டை."

அதன் பிறகு மாப்பிள்ளைக்கு மரியாதை வந்துவிட்டது. கிலோமீட்டருக்கோ தைரியம் வந்துவிட்டது.

"அப்பறம் ஏன் துபாய் வழியா வர்றான்? அங்க போய்ச் சுத்துனா ஆயிரம் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டரு எச்சாகுதே. டிரைவருக்குத் துபாய்ல ஏதாச்சும் சொந்த சோலி இருக்குதுங்களா?"

"இல்லீங்க மாமா. அங்க வேற பிளேன் மாறணும்."

"வண்டிக்கு எத்தனை டிரைவருங்க?"

"நாலு பேர் இருப்பாங்க."

"படுக்க எடம்?"

"தனியா ரூமே இருக்குதுங்க மாமா."

கிலோமீட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் சீட்டுக்குப் பின்னால் பலகையில் முடங்கிப் படுத்தவரின் பார்வை அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"டயரு காத்தை நடுவுல யாரு பாக்கறது?"

"டயரு உள்ள மடங்கிக்குமுங்க. எறங்கறப்பத்தான் வெளிய வரும்."

"அப்பப் பஞ்சரானா எறங்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். போனைக் கொடுத்துவிட்டு என்னிடம் தீர்ப்புச் சொன்னார்.

"ஓடற நேரம் பதினெட்டு. நிக்கறதுக்கு ஆறுதான் விட்டிருக்கான். இது தை மாசம். அங்க பனி. பனிக்கு ஒரு மணி நேரங்கூட விடலை. அம்மிணியை ஞாயித்துக்கெழமை கெளம்பச் சொல்லுங்க மொதலாளி."

என்னைக் கேலி செய்யும்போது மட்டும்தான் அவர் மொதலாளி என்பார்.

"அண்ணா, அது ஏரோப்பிளேன். உங்க ஜவ்வரிசி லாரி இல்லை. பதினாறு வண்டி ஓட்டற எனக்குத் தெரியாதுங்களா?"

"வண்டி பதினாறு ஓடுதுங்க. நீங்க ஓட்டி இருபது வருசம் ஆச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிக்கெட் அப்படியே இருந்தது.

கல்யாண வாரம் அவர் இரண்டு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டார். இடது கையில் நாமக்கல், வலது கையில் சிகாகோ. காலையில் மண்டபத்துக்கு வருகிற ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் யாராவது, "என்னங்க, பொண்ணு கெளம்பிட்டாளா?" என்று கேட்டால், வலது கையைப் பார்த்துவிட்டு, "சிகாகோவுல இப்ப நேத்துங்க" என்பார். கேட்டவர் பயந்துபோய் நேராக என் மனைவியிடம் வந்து, "அவருக்கு ஒடம்பு ஏதாச்சும்..." என்று இழுப்பார். பதினொன்றரை மணியானதும் அவரே ஆள் தேடிப் போய், "இப்ப அங்கயும் இன்னைக்காயிருச்சு" என்று சொல்லிவிட்டு வருவார். சமையல்காரர் ஒருத்தர்தான் அவரைப் புரிந்துகொண்டு, "அப்ப அங்க நேத்து வெச்ச கொழம்பு இன்னும் கெட்டிருக்காதுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி, சிகாகோவில் திங்கள் ராத்திரி. விமானம் கிளம்ப வேண்டிய நேரம். மாப்பிள்ளையிடமிருந்து செய்தி: பனி கொட்டுகிறது, விமானம் நிற்கிறது.

"எத்தனை அடிப் பனின்னு கேளுங்க" என்றார் கிலோமீட்டர். "ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீரம் போனப்ப டயருக்குச் சங்கிலி சுத்தி ஓட்டுனோமே. அவங்ககிட்ட சங்கிலி இருக்குதான்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. ஒன்பது மணி நேரம் நின்றது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, நம்ம ஊர் நேரம், கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. நான் எல்லோரிடமும், "கெளம்பிருச்சு, இனி என்ன" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார்.

புதன்கிழமை காலை ஏழேகால். மண்டபத்தில் முதல் பந்தி. கிலோமீட்டர் மூன்றாவது இட்லியில் இருந்தார். என் போன் அடித்தது. கவிதா. துபாயிலிருந்து.

"அப்பா, சென்னைப் பிளேன் போயிருச்சுங்கப்பா. அடுத்த பிளேன்ல ஏறுனா சென்னைக்கே சாயங்காலம் ஏழரைக்குத்தான் வருவனாம்." அதற்கு மேல் அழுகை மட்டும் கேட்டது.

பக்கத்தில் நின்ற என் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் அக்கா யாருக்காகவும் நேரத்தை வீணாக்காதவள். "சரி, அழுது என்ன பண்ண. நம்ம சின்னத் தம்பி மகள் பிரியா இருக்கறாள்ல. அவளை நிறுத்திக்கலாம். அருமைக்காரர்கிட்டச் சொல்லிப்போடு" என்றாள். அருமைக்காரர் என்றால் எங்கள் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று நடத்தி வைக்கிற பெரியவர். அவருக்கு ஏழரை மணிக்குச் சேந்தமங்கலத்தில் இன்னொரு சீர். ஆறரைக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"உன்ற அப்பன் கணக்குத் தப்பாது" என்று நான் போனில் சொன்னபோது என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது.

கிலோமீட்டர் இட்லிக் கையோடு வந்து போனை வாங்கினார்.

"அம்மிணி, நாந்தான். அழுவாத. எதுக்கால பலகையில ஊர் பேரெல்லாம் ஓடுமே, அது தெரியுதா?"

"தெரியுதுங்க பெரியப்பா."

"நம்ம பக்கத்து ஊரெல்லாம் ஒவ்வொண்ணாப் படி."

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் படிக்கிற ஊருக்கெல்லாம் இவர் சொன்ன பதில் பந்தி முழுக்கக் கேட்டது.

"கொழும்பா, வேண்டாம், நடுவுல கடல். கோழிக்கோடு, வேண்டாம் சாமி, மலையேறி எறங்கறதுக்குள்ள பொழுது போயிரும். பெங்களூரு, ஊரைத் தாண்டறதுக்கே ரெண்டு மணி நேரம் நிக்கோணும். கொச்சி, தூரம். அப்பறம்? ஆங். அதை மறுக்காச் சொல்லு. திருச்சி. எத்தனை மணிக்கு? அவங்க ஊரு ஒம்பதரைக்கா? அது போதும். அதுல ஏறிக்க."

"அது வேற கம்பெனி பிளேனுங்க பெரியப்பா. என்ற டிக்கெட் செல்லாது."

"புதுசா எடு."

"பொட்டியெல்லாம் சென்னைக்குப் போயிருமுங்க. பட்டுச் சேலை, நகை எல்லாம் அதுலதான்."

"போவட்டும். லோடு பின்னால வரும். நீ கேபின்ல உக்காந்து வா."

கவுண்டரில் இருந்த ஒரு மலையாளப் பெண், இவள் அழுவதைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறாள். தம்பிக்குக் கல்யாணம் என்று சொன்னதும் அவளே மூச்சு வாங்க ஓடித் திரிந்து, கடைசியாக இருந்த ஒரு சீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டாளாம். முக்கால் மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது.

கிலோமீட்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நம்ம நேரம் மூணு மணிக்குத் திருச்சியில எறங்கும். வெளிய வர ஒரு மணி நேரம். முசிறி, தொட்டியம் வழியா ரெண்டு மணி பத்து நிமிஷம். ஆறு பத்துக்கு மண்டபம். காரைக் குடுங்க, நான் போறேன்."

"ஆறு மணிக்குச் சீருங்கண்ணா."

"பத்து நிமிஷம் நிறுத்தி வெய்யுங்க. அது ஒண்ணுதான் உங்க வேலை."

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல். வேற டிரைவரை அனுப்பறேன்."

அவர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

நாற்பத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணின் கூடப் பிறந்தவன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்ய வேண்டிய சீர் ஒன்று உண்டு, கைகோர்வை என்று பேர். நாக்பூரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடலாம் என்று புக்கிங் ஆபீசில் சொன்னார்கள். வழியில் ஏதோ கலவரம். இரண்டு நாள் ரோட்டில் நின்றோம். அவர் தங்கைக்காக வேறு யாரோ ஒரு சித்தப்பா மகன் கை கொடுத்தான். அந்த இரண்டு நாளும் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்றைக்கு அவர் முன்னால் நின்ற லாரிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் அவரை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

சாவியைக் கொடுத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போன். "அம்மிணி வந்துட்டா. கெளம்பிட்டோம்." அஞ்சு பத்துக்கு ஒரு போன். "முசிறி." அதற்குப் பிறகு போனே இல்லை.

அஞ்சரைக்கே என் அக்கா, பிரியாவைப் பட்டுச் சேலை கட்டித் தயாராக உட்கார வைத்துவிட்டாள். பாவம், அந்தப் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நான் ஒண்ணும் கேக்கலீங்க பெரியப்பா" என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டது. ஆறு மணி. அருமைக்காரர் என் மகனை மணையில் உட்கார வைத்தார். ஆறு பத்து. வாசலில் கார் இல்லை.

"ஆறு பத்து ஆயிருச்சு" என்றாள் அக்கா. "உன்ற கிலோமீட்டரு எங்க?"

நான் வாசலுக்கும் மணைக்கும் நடந்தேன். கிலோமீட்டர் சொன்ன நேரம் தப்பி நான் பார்த்ததே இல்லை. அருமைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். போன் செய்தேன், எடுக்கவில்லை.

"பிரியாவைக் கூப்புடறேன்" என்றாள் அக்கா.

"கூப்புடாத."

"ஏண்டா, நேரம் போவுது."

"ஆறரை வரைக்கும் இருக்கட்டும். ஆறரைக்கு அவரு வரலைன்னா நானே கூப்புடறேன்."

"எதை நம்பி?"

"அவரைத்தான்."

மண்டபத்தில் நூறு பேர். என் மகன் மணையில் உட்கார்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னதில் அவன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அக்கா வருகிறாளா என்று பார்ப்பானே, அதே மாதிரி.

ஆறு இருபது. கார் வந்து நின்றது. கவிதா இறங்கி ஓடி வந்தாள். ஜீன்ஸ் பேன்ட், கம்பளிச் சட்டை, காலில் பனிக்குப் போடுகிற பெரிய பூட்ஸ். முப்பத்து சொச்சம் மணி நேரம் சீவாத தலை. பெண்கள் எல்லாம் சேர்ந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பிரியா, தான் கட்டியிருந்த பட்டுச் சேலையை அவிழ்த்து அவளுக்குக் கட்டிவிட்டு, கவிதாவின் கம்பளிச் சட்டையைத் தான் மாட்டிக்கொண்டு வேர்த்துக்கொண்டு நின்றாள். ஆறு இருபத்தெட்டுக்கு என் மகள் அவள் தம்பி பக்கத்தில் வந்து நின்றாள். அருமைக்காரர் கூறைச்சேலையின் முனையை அவள் கையில் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே வாங்கினாள். என் மகன் சிரித்துக்கொண்டே அழுதான். நான் மட்டும் அழவில்லை. கண்ணில் ஏதோ சாம்பிராணிப் புகை.

நான் வாசலுக்கு வந்தேன். கிலோமீட்டர் காருக்குப் பக்கத்தில் குற்றவாளி மாதிரி நின்றிருந்தார்.

"பத்து நிமிஷம் தப்பிப் போச்சுங்க" என்றார். "தொட்டியத்துல வண்டியை நிறுத்திட்டேனுங்க. அம்மிணி தலைல ஒரு பூக்கூட இல்லாம எப்படிங்க சீருல நிக்கும்? தை மாசத்துல மல்லி எங்க இருக்குது. மூணு கடை ஏறி எறங்கி, கடைசில கனகாம்பரந்தான் கெடைச்சுது. அதுக்கு நான் கணக்குல நேரம் விடலீங்க."

கையில் வாழை இலையில் சுற்றிய பூ இன்னும் இருந்தது. ஓடி வந்த அவசரத்தில் கவிதா அதை வாங்காமலே போய்விட்டாள். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். சீர் பாதியில் இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து, பின்னால் நின்று, அவரே கையை நீட்டி என் மனைவியிடம் பூவைக் கொடுத்தார். அவள் வாங்கிக் கவிதா தலையில் வைத்தாள்.

மறுநாள் முகூர்த்தம் நன்றாக நடந்தது. கவிதாவின் பெட்டி சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் போடுகிற ஸ்டுடியோக்காரர் என்னைக் கூப்பிட்டார். இணைச்சீர்ப் படத்தைத்தான் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரியதாகப் போடுகிறாராம். கம்ப்யூட்டரில் காட்டினார். மையத்தில் என் மகளும் மகனும். இடது பக்கம் நான், பட்டுச் சட்டை, தங்கச் சங்கிலி, மீசை முறுக்கி, என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக விழுந்த படம் அது. வலது பக்கம் பின்னால் ஒரு பெரியவர், சட்டை முழுக்க வியர்வை, தலையில் துண்டு, கையில் இலைப் பொட்டலம், கொட்டாவிக்கு வாயைப் பெரிதாகத் திறந்திருக்கிறார்.

"இந்தப் பெருசு படத்தைக் கெடுக்குதுங்க. அழிச்சிரலாங்களா?" என்றார் ஸ்டுடியோக்காரர். "இல்லைன்னா அளவு பத்தாதுங்க. ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டியாகணும்."

"அவரு இருக்கட்டுமுங்க" என்றேன். "என்ற பக்கம் வெட்டிக்குங்க."

ஆல்பத்தில் அந்தப் படத்தில் எனக்கு ஒரு தோள் மட்டும்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன்.